அடுப்படிச் செய்தியும் அறிவுலகமும்

இரவுக்கு என்ன சமைத்தோம் என்று யாழ்ப்பாணத்துப் பெண்கள் தம்முள் சொல்லிக்கொள்ளும் பேச்சைக் 'குசினிக் கதை' என ஒதுக்குவது நமது கற்றறிந்தோரின் நெடுநாள் வழக்கம். இதனால் குடாநாட்டின் ஒரு நூற்றாண்டுச் சமூக வரலாற்றுக்குரிய சான்றுகளை, அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, நாம் இழந்துகொண்டிருக்கின்றோம். வாதம் கடுமையாகத் தோன்றின் பொருளின் அவசரமே அதற்குக் காரணம் எனக் கொள்க.

முதலில் இப்பேச்சு எத்தகையது என்பதை நோக்குவோம். கிடுகு வேலியின் பொட்டு, பங்குக் கிணற்றடி, சந்தையிலிருந்து திரும்பும் ஒழுங்கை, கோயில் வீதி ஆகியவை இதன் களங்கள். "இரவுக்கு என்ன, அக்கா?" என்று கேட்கப்படுகின்றது. "கத்தரிக்காய் வாடிப்போய்க் கிடந்தது, பால்விட்டுக் குழம்பு வைத்தேன், பிட்டு அவிக்க வேண்டும்" என்று மறுமொழி வருகின்றது. இதனைச் சமையற் குறிப்பு என்று கொள்வோர் பாதியைத்தான் கேட்டவராவர். கத்தரிக்காய் ஏன் வாடியது, சந்தையில் மீன் ஏன் வாங்கப்படவில்லை, தேங்காய் ஒன்று முழுதாகத் திருவப்பட்டதா, பாதி நாளைக்கென்று வைக்கப்பட்டதா என்பனவெல்லாம் அம்மறுமொழியில் அடங்கியுள்ளன. ஒரு வீட்டின் வரவு செலவு, பருவம், நோய், கடன், வெளிநாட்டிலிருந்து காசு வந்த நாள், வராத மாதம் ஆகிய அனைத்தும் அங்கே ஒரே வாக்கியத்திற் சொல்லப்படுகின்றன. கேட்பவளுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. விளக்கம் தேவைப்படுவது நமக்குத்தான்.

உதாரணமாகக் கோதுமை மாவை எடுத்துக்கொள்வோம். குடாநாட்டு வீடுகளில் இதற்கு 'அமெரிக்கன் மா' என்றொரு பெயர் வழங்கிற்று. வணிகமும் உதவியும் கப்பலேறி வந்த கதையை அந்த ஒரு பெயரே சொல்லிவிடும். ஆனால் கப்பலிலே வந்தது மா மட்டுமே, பிட்டு வரவில்லை. பச்சைக் கோதுமை மாவிலே நீர் பட்டதும் அது பசையாகி ஒட்டிக்கொள்ளும். அரிசி மாவைப்போல உதிர்ந்து நில்லாது. ஆகவே எம் வீட்டுப் பெண்கள் அதனைத் துணியில் முடிந்து நீராவியில் அவித்தனர். சூடு ஆறுமுன் கட்டி உடைத்து அரிதட்டில் அரித்தனர். பின்னரே கொதிநீர் தெளித்துக் குழைத்துப் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் பயன்படுத்தினர். வறுத்த சிவப்பரிசி மாவுடன் கலந்து, உருசியைப் பழைய வழிக்கு மீட்டவர்களும் உண்டு. மாவிலுள்ள பசைத் தன்மையை வெப்பத்தினால் முன்கூட்டியே அடக்கிவிடும் இவ்வுத்தி ஒரு தொழில்நுட்பமன்றி வேறென்ன? ஆய்வுகூடத்தில் ஒருவர் இதனைச் செய்திருந்தால் அவர் பெயரிலே கட்டுரை வந்திருக்கும். வேலியோரத்திற் பரவியபடியால் இதற்கு ஆசிரியரும் இல்லை, ஆண்டும் இல்லை.

மரவள்ளிக் கிழங்கின் கதையும் இத்தகையதே. 1970 களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் அரிசியும் மாவும் அருகியபோது, பல வீடுகளில் இராச் சாப்பாடு அவித்த மரவள்ளியும் சம்பலுமாக இருந்தது. (அதே கட்டுப்பாடு குடாநாட்டு மிளகாய், வெங்காயச் செய்கையாளருக்குச் செழிப்பைத் தந்தது; ஒரே கொள்கை ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குக் கல்வீடும் மறுவீட்டுக்குக் கிழங்குமாக விடிந்ததை எந்தப் பொருளியல் நூல் சொல்லும்?) மரவள்ளியை அவிக்கும்போது பானையை மூடக் கூடாது என்று மூத்த பெண்கள் இளையவர்க்குச் சொல்லிவைத்தனர். கிழங்கிலே பிறக்கும் ஐதரசன் சயனைட்டு எளிதில் ஆவியாகும் நஞ்சு என்பதையும், திறந்த பானையில் அது வெளியேறும் என்பதையும் இன்று இரசாயன மாணவர் எவரும் அறிவர். அப்பெண்கள் மூலக்கூற்றை அறியார். செய்ய வேண்டியதை அறிந்திருந்தனர். அதனை அயலாருக்குச் சொல்லும் கடமையையும் அறிந்திருந்தனர். கிழங்கோடு இஞ்சி சேர்க்கலாகாது என்ற விலக்கையும் அவர்கள் இதனுடன் சேர்த்தே சொன்னார்கள். அவ்விலக்கின் மெய்ம்மையைச் சோதித்துப் பார்ப்பது விஞ்ஞான பீடத்தார் வேலை. சோதிப்பதற்கு முதலில் அது எங்கேனும் எழுதப்பட்டிருத்தல் வேண்டுமன்றோ?

1990 இற்குப் பிந்திய ஐந்தாண்டுகளை நினைவுகூர்வோர் பலர் இன்று ஐம்பது வயதைத் தாண்டிவிட்டனர். மின்சாரம் அற்றுப்போயிற்று. மண்ணெண்ணெய் அருமையாயிற்று, ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சொற்ப எண்ணெயும் இட்டு எரித்த விளக்கின் கீழேதான் அடுப்படிகள் இயங்கின. சீனி இல்லாத வீட்டில் வெறுந்தேநீருக்குப் பனங்கட்டித் துண்டு கடிபட்டது. விறகு ஈரமா காய்ந்ததா என்பதே கறி எத்தனை வகை என்பதை முடிவு செய்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி வெளியேறிய பின்னர், ஒரே வளவில் பல குடும்பங்கள் தங்கி, கல் மூன்று வைத்துத் தனித்தனியே அடுப்பு மூட்டின. அவ்வளவுகளில் 'உங்களுக்கு என்ன சமையல்' என்ற வினாவுக்கு வேறு பொருள் இருந்தது. உங்களிடம் எதுவும் உண்டா என்பதை, கேட்கப்படுபவர் நாணாதவாறு கேட்கும் வழி அது. 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது அதே வினா மீண்டும் அதே பொருளில் எழுந்தது. போர் பற்றிய ஆவணங்கள் மலையெனக் குவிந்துள்ளன. எத்தனை ஷெல், எத்தனை தலை என்ற கணக்கு அவற்றில் உண்டு, அது வேண்டியதுமே. அந்நாட்களில் நான்கு பிள்ளைகளின் இராச் சாப்பாட்டை ஒரு சுண்டு அரிசியில் எவ்வாறு ஒப்பேற்றினார்கள் என்பதை மட்டும் எவரும் கேட்டு எழுதவில்லை.

இவற்றைக் கேட்டு எழுதுவது இலக்கிய மரபுக்கு ஒவ்வாது என்பர் சிலர். இவர்கள் தாம் கற்பிக்கும் நூல்களையே மறந்தவராவர். பத்துப்பாட்டில் ஆற்றுப்படைப் புலவர் பாணனை வழிப்படுத்தும்போது, எயினர் குடியில், ஆயர் குடியில், உழவர் மனையில், வலைஞர் குடியில் என்னென்ன உணவு கிடைக்கும் என்று வீடு வீடாகச் சொல்லிச் செல்கின்றார். பெரும்பாணாற்றுப்படையை ஒரு நோக்கில் தொண்டை நாட்டு அடுப்புக்களின் அட்டவணை எனவும் வாசிக்கலாம். ஆடிக்கூழையும் கொழுக்கட்டையையும் அவை ஆகும் முறையோடு பாடிய நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரை நாம் சிறுவர் பாடலாசிரியர் என்று ஒதுக்கி வைத்தது நம்முடைய குறையேயன்றி அவருடையதன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் பேராதனை மேடையிலே 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகிய கூத்துக்களை ஏற்றுமுன்னர், கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கு என்று சொன்னவர்களும் பல்கலைக்கழகங்களிலேதான் இருந்தனர். கூத்தை மேடையேற்றிய தமிழ்ச் சங்கங்கள் அண்ணாவியாரின் வீட்டு முற்றம்வரை சென்றன. அவருடைய மனைவியிடம் இரவு என்ன உலை வைத்தாய் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மறுபுறத்தில் 'யாழ்ப்பாணச் சமையல்' என்றொரு சரக்கு இன்று கொழும்பிலும் தொறொன்ரோவிலும் இலண்டனிலும் விலையாகின்றது. நண்டுக் கறி, ஆட்டிறைச்சிக் கறி, ஒடியற் கூழ், அவ்வளவோடு அதன் உலகம் முடிந்துவிடுகின்றது. அதைத் தின்பவர்மேல் நமக்குக் கோபமில்லை. நண்டு நல்ல பண்டமே. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைக் கறியையே ஒரு சமூகத்தின் உணவு என்று காட்டுவது, மணப்பெண்ணின் படத்தைக் காட்டி இவள் நாள்தோறும் இப்படித்தான் உடுத்தாள் என்பதை ஒக்கும். முருங்கையிலைச் சொதி, முதல்நாட் பிட்டைத் தாளித்த காலைச் சாப்பாடு, வாழைப்பூ வறை, பயற்றங்காய் பாதி போட்டுக் கிழங்கு பாதி போட்டுப் பெருக்கிய குழம்பு ஆகியவற்றை எந்த உணவகத்தின் பட்டியலிலும் காணோம். கூழும் அங்கே கோப்பையில் வருகின்றது. எவ்வளவு நேரம் துழாவினார்கள், ஒடியல் மாவின் கசப்பைப் போக்க எத்தனை நீர் மாற்றினார்கள் என்பது கோப்பையில் வருவதில்லை. தூளைச் சொல்லவே வேண்டாம். செத்தல் மிளகாயும் மல்லியும் எல்லார் வீட்டிலும் ஒன்றே; வெந்தயத்தின் அளவு, பெருஞ்சீரகம் வறுக்கும் பதம், கறிவேப்பிலை சேரும் கட்டம் ஆகியவற்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தூள் இருந்தது. இன்று பைக்கற்றிலே எல்லாருக்கும் ஒரே தூள் கிடைக்கின்றது, அதன் பெயரும் 'யாழ்ப்பாணத் தூள்'.

நிற்க. இவ்வளவும் சொன்ன பின்னர், வேலி தாண்டிய கறிக் கிண்ணத்தை விருந்தோம்பலின் சின்னமாக்கிப் பாடுவோரின் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடற்க. அக்கிண்ணம் எந்த வேலியைத் தாண்டிற்று, எந்த வேலியைத் தாண்டவில்லை என்ற கேள்வியைத் தவிர்க்கும் எழுத்து பொய்யெழுத்தே. வேளாளர் வீட்டுச் சோறு பின்படலையாற் குடிமக்களுக்குப் போனது. அவர்கள் வீட்டுச் சோறு முன்படலையால் ஒருநாளும் வந்ததில்லை. 1930 ஆம் ஆண்டை ஒட்டிப் பாடசாலைகளிலே சம ஆசனம், சம போசனம் என்ற பேச்சு எழுந்தபோது, பாடசாலைக் கொட்டகைகளுக்குத் தீ வைத்த சமூகம் இது. தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்குத் தனிப் பேணியும் சிரட்டையும் வைத்தவர்களும் நாமே. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், 1960 களின் பிற்பகுதியிலே அக்கடைகளுக்குள் நுழைவதற்கு மக்கள் உயிர்கொடுத்துப் போராட வேண்டியிருந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' வரிசை நாவல்களைப் படித்தோர்க்கு இது புதிதன்று. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்களைக் குடாநாட்டிலிருந்து விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, நோன்புக் கஞ்சியும் வட்டிலப்பமும் பரிமாறப்பட்ட அயல் ஒரே நாளில் வெறுமையாயிற்று. அதைப் பற்றி எத்தனை வீடுகள் அன்றிரவு பேசின, எத்தனை வீடுகள் பேசாதிருந்தன?

ஆகவே இராச் சாப்பாட்டுப் பேச்சைப் பதிவு செய்யுங்கள் என்னும்போது, இனிமையைத் திரட்டுங்கள் என்று சொல்லவில்லை. யாருக்குக் கொடுத்தீர்கள், யாரிடம் வாங்கமாட்டீர்கள் என்பதும் அதே பேச்சில் இருக்கின்றது. அதையும் கேட்டெழுதுவதற்கு மனமில்லாதோர் இவ்வேலைக்கு வரவேண்டா.

இன்னோர் ஆட்சேபம் உண்டு. அது முன்னையவற்றிலும் மதிக்கத்தக்கது. அடுப்படிப் பேச்சை அறிவென்று உயர்த்துவது, பெண்ணை அடுப்படியிலேயே நிறுத்திவைக்கும் தந்திரமன்றோ என்று மாணவியர் சிலர் கேட்பர். கேட்கவே வேண்டும். 'எங்கள் அம்மாவின் கைப்பக்குவம்' என்று மேடைகளில் உருகும் ஆண்மக்களிற் பெரும்பாலோர், அக்கைக்கு எத்தனை மணி நேர வேலை என்பதைக் கணக்கிட்டவரல்லர். தேங்காய் திருவுதல், அம்மியில் அரைத்தல், மா இடித்தல், நீர் அள்ளுதல், புகையிலே கண் கலங்குதல் ஆகியவை எல்லாம் பக்குவம் என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றன. ஆயின் அவ்வேலையை வெளிப்படுத்துவதற்கும் பதிவைத் தவிர வேறு வழி என்ன இருக்கின்றது? புகழ்ச்சியே வேலையை மறைத்தது. ஒரு வாரத்து இராச் சாப்பாட்டை, அதற்குச் சென்ற நேரத்தோடும் செய்தவர் பெயரோடும் எழுதிவைத்தால், ஆண்மக்கள் கூச்சப்படுவதற்கு அதுவே போதும்.

இச்சங்கத்தின் அங்கத்தவர்களிடம் ஒன்று கேட்கின்றேன். வரும் விடுமுறையில் வீடு செல்வோர் ஒவ்வொருவரும் ஒரு கொப்பி கொண்டுசெல்க. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணிடம் - தாயோ பேர்த்தியோ அயலவரோ, வேறு சாதியினராயின் மிக நன்று - பஞ்ச காலத்து, தடைக் காலத்து, இடப்பெயர்வுக் காலத்து இரவுகளின் சமையலை அவருடைய சொற்களிலேயே எழுதுக. 'பதமாக' என்று அவர் சொன்னால் பதம் எப்படித் தெரியும் என்று கேட்க. சுண்டையும் பேணியையும் கிராமாக மாற்ற வேண்டா. அவர் சொன்ன அளவே இருக்கட்டும். விறகு என்ன விறகு, நீர் எந்தக் கிணற்று நீர், எவருக்குப் பங்கு போயிற்று என்பனவற்றையும் விடாதீர்கள். இக்கொப்பிகளை நூலகத்தார் ஏற்றுக்கொள்ளத் தயங்கினால் சங்க அலுமாரியில் வைப்போம்; ஏடுகளும் ஒருகாலத்தில் வீட்டுப் பரணிலேதான் கிடந்தன. எல்லாரும் உண்ட பின்னர் சட்டியில் எஞ்சியது என்ன, அதனை உண்டவர் யார் என்பதற்கும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வரி ஒதுக்குக.