கவுன்சிலர் எதற்கு என்று கேட்டவனுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவன் எழுதியிருந்தான். பெயர் சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்ச், இப்போது டல்லாஸில் நல்ல வேலை. "டீச்சர், எல்லாத்துக்கும் ஆப் வந்தாச்சு. சொத்து வரி ஆன்லைன், குப்பை புகார் ஆன்லைன். நடுவுல இந்த கவுன்சிலர் எதுக்கு? கமிஷன் வாங்கவா?" கீழே பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். அதில் நான்கு பேர் என்னிடம் குடிமையியலில் நல்ல மார்க் வாங்கியவர்கள்! குழுவில் சண்டை வேண்டாம் என்று இங்கே எழுதுகிறேன்.

கமிஷன் விஷயத்தை முதலிலேயே பேசிவிடுவோம். வீடு கட்ட மணல் இறக்கினால் வாசலில் வந்து நிற்கும் கவுன்சிலர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது போலவே நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். மனைவி ஜெயித்த நாற்காலியில் கணவர் உட்கார்ந்துகொண்டு "நான்தான் கவுன்சிலர்" என்று சொல்வதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். எல்லோரும் உத்தமர் என்று சான்றிதழ் கொடுக்க நான் வரவில்லை. ஆனால் கவுன்சிலரே இல்லாமல் நாம் இருந்து பார்த்தாயிற்று. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஐந்து வருஷத்துக்கு மேல். அதை எப்படி இவ்வளவு சீக்கிரம் மறந்தீர்கள்?

2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் உள்ளாட்சித் தேர்தல் நடக்க வேண்டியது. வேட்புமனு தாக்கல் கூட ஆகிவிட்டது. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாக இல்லை என்ற வழக்கில், அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. அந்த மாதமே மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். பிறகு வார்டு மறுவரையறை, மறுபடி வழக்கு, மறுபடி அவகாசம். சென்னை, ஆவடி, பூந்தமல்லி என்று நகர்ப்புறத்தில் நாம் ஓட்டுப் போட்டது 2022 பிப்ரவரி 19 அன்று.

அந்த இடைவெளியில் என்னென்ன வந்தது என்று எண்ணிப் பாருங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல். தெருவுக்கு நான்கு மரம் விழுந்து கிடந்தது. 2019 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து ஜூலை 12 அன்று நம் பக்கத்து வில்லிவாக்கத்தில் இறக்கினார்களே, நினைவிருக்கிறதா? 2020-இல் கொரோனா. தகரம் வைத்து அடைத்த தெருக்களில் காய்கறி, மருந்துக்கு யாரைக் கேட்பது என்று தெரியாமல் தவித்தோம். இந்த மூன்றிலும் நம் வார்டுக்கு நாம் தேர்ந்தெடுத்த ஓர் ஆள் கிடையாது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்பதால் மத்திய நிதிக்குழு மானியமும் தடைபட்டது.

அதிகாரிகள் வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். கொரோனாவில் உயிரைப் பணயம் வைத்துத் தெருத்தெருவாக வந்த தூய்மைப் பணியாளர்களையும் சுகாதார ஆய்வாளர்களையும் நான் கும்பிட்டிருக்கிறேன். ஆனால் அதிகாரி தன் மேலதிகாரிக்குப் பதில் சொல்பவர். மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போவார். நம் தெருவுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. கவுன்சிலருக்கு இருக்கிறது, ஏனென்றால் அவரும் அதே பால் பூத்துக்குத்தான் வர வேண்டும்.

எங்கள் வார்டு கவுன்சிலரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். சொன்னால் உங்களில் பாதிப் பேர் இதோடு படிப்பதை நிறுத்திவிடுவீர்கள். என் மாணவியும் இல்லை. முதல் ஆறு மாதம் அவர் பின்னால் தம்பியோ மாமாவோ ஒருவர் எப்போதும் நின்றார். பிறகு தானே ஸ்கூட்டியில் வர ஆரம்பித்தார். அந்த மாற்றம் எப்படி நடந்தது என்று நான் விசாரிக்கவில்லை, சந்தோஷப்பட்டேன்.

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும், அங்கிருந்து ரெட்டேரிக்கு. இங்கே பிறந்து வளர்ந்த கிழவிகளைக் கேட்டால் எந்த மழைக்கு எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும் என்று சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் மழைநீர் வடிகால் கட்டியபோது வாட்டம் தப்பாக இருந்தது, தண்ணீர் ஏரிப்பக்கம் போவதற்குப் பதில் எங்கள் பக்கமே திரும்பும் என்று அந்தக் கிழவிகள்தான் சொன்னார்கள். ஒப்பந்ததாரரின் ஆட்கள் சிரித்தார்கள். கவுன்சிலர் சிரிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை உதவிப் பொறியாளரை அழைத்து வந்து, இரண்டு குடம் தண்ணீரை ஊற்றச் சொன்னார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று எல்லோரும் பார்த்தோம். அறுபது அடி தூரம் உடைத்து மறுபடி கட்டினார்கள். எந்த ஆப்பில் இதைப் புகாராகப் போடுவாய், டல்லாஸ்காரனே? "வாட்டம் சரியில்லை என்று பாட்டி சொல்கிறார்" என்பதற்கு அங்கே கட்டம் கிடையாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் கிடந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. எல்லா ஆப்பும் செத்துப் போயிற்று. எந்த வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஆள் இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த மாடியில் தனியாக ஒரு தாத்தா என்ற பட்டியல் அந்தப் பெண்ணின் தலைக்குள் இருந்தது. படகு வந்ததும் முதலில் எங்கே போக வேண்டும் என்று அவரால் சொல்ல முடிந்தது. பால் பாக்கெட் எங்கள் தெருவுக்கு வந்தது மூன்றாம் நாள்தான். அதற்காக அவரைத் திட்டியவர்களும் உண்டு. திட்டுவதற்காவது ஓர் ஆள் இருந்தாரே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சரி, அவர் வேலை எது, எது இல்லை என்பது நமக்கே சரியாகத் தெரியாது. தெருவிளக்கு, குப்பை, உட்புறச் சாலை, வடிகால், பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, இவை அவர் கேள்வி கேட்கக்கூடியவை. மின்தடை அவர் கையில் இல்லை. குடிநீர் வாரியம் தனி. ரேஷன் கடை தனி. முதியோர் உதவித்தொகை வருவாய்த் துறை. ஆனால் மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகைக்காக ஒரு பாட்டி தாலுகா ஆபீஸ் படியேறத் தெரியாமல் நின்றால், "இது என் துறை இல்லை" என்று எந்தக் கவுன்சிலராவது சொல்ல முடியுமா? கூடவே போக வேண்டும். போகிறார்கள். அது போதாதென்று கல்யாணத்துக்கு மொய், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை, இளைஞர் மன்றத்துக்குக் கிரிக்கெட் மட்டை. இதற்கெல்லாம் மாநகராட்சிக் கவுன்சிலர் வாங்கும் மதிப்பூதியம் மாதம் 10,000 ரூபாய், அதுவும் 2023 ஜூலையிலிருந்துதான். நகராட்சி என்றால் 5,000. மொய் எழுதச் சொல்லி நாமே பத்திரிகை வைத்துவிட்டு, கமிஷன் வாங்குகிறார் என்று நாமே பேசுகிறோம். வாங்குவது தப்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கணக்கு என்றதும் இன்னொன்று. இது என்னை ரொம்ப நாளாக உறுத்துவது. 2011-இல் சென்னை மாநகராட்சியை விரிவாக்கி அம்பத்தூர் நகராட்சியை அதில் சேர்த்தார்கள். அந்த வருஷக் கணக்கெடுப்பில் அம்பத்தூரின் மக்கள்தொகை 4,66,205. இன்று அம்பத்தூர் மண்டலத்தில் 79 முதல் 93 வரை 15 வார்டுகள். ஆக, ஏறக்குறைய 31,000 பேருக்கு ஒரு கவுன்சிலர். பக்கத்தில் ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆனது. அதே கணக்கெடுப்பில் 3,45,996 பேர், 48 வார்டுகள். 7,200 பேருக்கு ஒருவர். இரண்டு ஊரிலும் மக்கள் இன்று எவ்வளவோ பெருகிவிட்டார்கள், ஆனாலும் விகிதம் விகிதம்தான். அம்பத்தூரிலிருந்து திருமுல்லைவாயல் எல்லையைத் தாண்டினால் கவுன்சிலரின் சுமை நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது!

முப்பத்திரண்டு வருஷம் வகுப்பு எடுத்தவள் நான். முப்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் யார் சாப்பிடாமல் வந்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே தெரியும். எழுபத்திரண்டு பேர் இருந்த வகுப்பில் வருகைப் பதிவேடுதான் தெரியும். இப்போது பூந்தமல்லி, திருவேற்காடு நகராட்சிகளையெல்லாம் ஆவடியோடு சேர்க்கும் பேச்சு அடிபடுகிறது. சேர்த்தால் நிதி வரும், பெரிய திட்டம் வரும் என்கிறார்கள். வரலாம். ஆனால் வார்டுகளைக் குறைத்துவிடாதீர்கள் என்பதையும் யாராவது சத்தமாகச் சொல்ல வேண்டும். எல்லை மாற்றினால் மறுவரையறை செய்ய வேண்டும், மறுவரையறை என்றால் தேர்தல் தள்ளிப் போகும். 2016-க்குப் பிறகு நடந்ததைப் பார்த்த எனக்கு அந்த பயம் இருக்கிறது.

பயம் வீணானது இல்லை. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். எங்கோ இல்லை, அம்பத்தூரை ஒட்டியிருக்கும் அயப்பாக்கமும் அதில் ஓர் ஊராட்சிதான். நம் நகர்ப்புறக் கவுன்சிலர்கள் பதவியேற்றது 2022 மார்ச் 2. அவர்கள் காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. ஐந்து வருஷம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் சொல்கிறது. கரும்பலகையில் எத்தனை தடவை எழுதிப் போட்டிருப்பேன்! அந்தத் திருத்தம் வருவதற்கு முன்பே, 1973-இல் மஸ்டர் ரோல் ஊழலைக் காரணம் காட்டிச் சென்னை மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996-இல். இருபத்து மூன்று வருஷம். ஊழல் என்று சொல்லிக் கலைத்தார்களே, அந்த இருபத்து மூன்று வருஷத்தில் ஊழல் ஒழிந்ததா? யார் பெயரைச் சொல்லிக் கேட்பது என்பதுதான் தெரியாமல் போயிற்று.

நம் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 2022 தேர்தலில் சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு 44 பேர்கூட இல்லை. அன்றைக்குச் சனிக்கிழமை. மகாபலிபுரம் போனவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், நீங்களே போட்டோ போட்டிருந்தீர்கள்.

ஜெயித்த பிறகு கேள்வி கேட்கவும் வழி இருக்கிறது. ஏரியா சபை என்று ஒன்று 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தொடங்கியது. கிராம சபை போலத்தான். வார்டைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து மக்களை உட்கார வைத்துக் குறை கேட்பது. முதல் கூட்டத்துக்கு நான் போனபோது மொத்தம் இருபத்தாறு பேர். அதில் பத்துப் பேர் அலுவலக ஊழியர்கள். அடுத்ததில் இன்னும் குறைவு. பிறகு நானும் எங்கள் தெருப் பெண்கள் ஏழு பேரும் பேசி வைத்துக்கொண்டு சேர்ந்து போக ஆரம்பித்தோம். வடிகால் விஷயத்தை முதலில் எழுப்பியது அங்கேதான், மினிட் புத்தகத்தில் எழுத வைத்தோம். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். பழக்கதோஷம்.

அடுத்த சபைக்கு மூன்று விஷயம் வைத்திருக்கிறேன்: அங்கன்வாடியின் கூரை, மார்க்கெட் அருகே எரியாத இரண்டு விளக்குக் கம்பம், பிறகு அடுத்த தேர்தல் தாமதமாகக் கூடாது என்று ஒரு தீர்மானம். மூன்றாவதுக்கு அங்கே அதிகாரம் இல்லை என்பார்கள், தெரியும். பதிவாகட்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இருக்கும் பிள்ளைகள் உங்கள் உங்கள் வார்டுக்குப் போங்கள். எந்த வார்டு என்று தெரியாதவர்கள் கமெண்டில் தெருப் பெயரைப் போட்டால் நான் பார்த்துச் சொல்கிறேன். டல்லாஸ்காரனே, உன் அம்மா எங்கள் வார்டுதான். அவரை நான் ஆட்டோவில் அழைத்துப் போகிறேன். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு தயாராக இருக்கச் சொல்.