பாட்டை எழுதியவர் பெயர்

ஸ்ரீரங்கம் கோயிலில் தாயார் சந்நிதிக்கு எதிரே உள்ள ஒரு மண்டபத்தைக் காட்டி, கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றிய இடம் இதுதான் என்று ஊரார் சொல்வார்கள். இரணியன் வதையை இராம கதைக்குள் நுழைத்தது தகுமா என்று பண்டிதர்கள் ஆக்ஷேபித்தபோது, அருகே உயரத்தில் எழுந்தருளியிருக்கும் மேட்டழகிய சிங்கர் சிரக்கம்பம் செய்து அதை ஆமோதித்தார் என்பது ஐதிகம். இதற்குச் சரித்திர ஆதாரம் உண்டா என்று வாதாடுவது என் நோக்கமன்று; ஒரு கவிக்குத் தரத்தக்க உச்சமான சம்மானம் எதுவென்று யோசித்த எங்கள் முன்னோர்களுக்கு, பொற்கிழியையும் பல்லக்கையும்விட ஒரு தலையசைப்பும், மண்டபத்தின்மேல் அழியாது நிற்கும் ஒரு பெயருமே பெரிதாகத் தோன்றின என்பதை மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

2016ஆம் வருஷம் அக்டோபர் மாதம், தம் பாட்டைத் தாமே எழுதித் தாமே கித்தார் மீட்டிப் பாடும் அமெரிக்க ராக் பாடகர் பாப் டிலனுக்கு இலக்கிய நோபல் பரிசு என்று ஸ்வீடனிலிருந்து அறிவிப்பு வந்தபோது, சினிமாப் பாட்டும் இலக்கியமா என்று அரை நூற்றாண்டாகச் சர்ச்சை செய்து வந்த நம் ஊர்க்காரர்கள் பலரும் அதைச் சொந்த விவகாரம் போலவே பேசிக்கொண்டார்கள். 2001இல் ஆஸ்கார், 2008இல் புலிட்சர் அமைப்பின் சிறப்புப் பாராட்டு, 2012இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் என்று முன்னமே பல கௌரவங்களைச் சுமந்தவர் அவர். அறிவிப்பு வந்து இரண்டு வாரம் வாய் திறவாதிருந்தார்; டிசம்பர் விழாவுக்கும் போகவில்லை. அவருக்குப் பதிலாகப் பாட வந்த பாட்டி ஸ்மித் என்னும் பாடகி, நடுவே சொற்கள் தப்பித் தடுமாறி, சபையோரிடம் மன்னிப்புக் கேட்டு, மீண்டும் பாடினார். டிலன் மௌனம் சாதித்தது கர்வமா சங்கோசமா என்று உலகம் விவாதித்தது. எனக்கோ அந்த அம்மையாரின் தடுமாற்றமே இன்றும் நினைவில் நிற்கிறது. பிறர் எழுதிய ஓர் அடி தவறிவிட்டதே என்று அத்தனை பெரிய சபையில் ஒருவர் பதறினாரே, எழுதியவருக்கு அதைவிட வேறென்ன மரியாதை வேண்டும்?

இனி எங்கள் ஊர்க் கவிக்கு வருகிறேன். 1931ஆம் வருஷம் அக்டோபர் 29ஆம் தேதி திருப்பராய்த்துறையில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன் என்னும் பிள்ளை, சித்திரம் நன்றாக எழுதுவதைக் கண்ட பள்ளித் தோழர் ஒருவர், ஆனந்த விகடனில் அக்காலத்தில் பிரசித்தி பெற்றிருந்த ஓவியர் மாலியைப் போல் நீ வாலியாக இரு என்று பெயர் சூட்டினார். கிஷ்கிந்தையின் அரசன் பெயர், அரங்கன் பெயரை ஓரமாய் ஒதுக்கிவிட்டு நிலைத்துவிட்டது. நண்பர்களோடு சேர்ந்து அவர் நடத்திய 'நேதாஜி' என்னும் கையெழுத்துப் பத்திரிகையின் முதல் பிரதியைக் கல்கி வெளியிட்டார். அதில் பங்கெடுத்த இளைஞர்களுள் இன்னொரு ரங்கராஜனும் இருந்தார். அவர், குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் என்ற பெயர் ஏற்கெனவே விளங்கி வந்தபடியால், பின்னாளில் தம் மனைவியின் பெயரை ஏற்றுச் சுஜாதா ஆனார். ஒரே ஊரில் இரண்டு ரங்கராஜன்கள் தம் பெயரைத் துறந்து, புனைபெயரால் தமிழ்நாட்டை ஆண்டது வேடிக்கைதான். அந்த இருவரில் ஒருவருக்கும் சாகித்ய அகாதெமி விருது கிட்டவில்லை என்பது வேடிக்கையில் சேராது.

வாலிக்குத் திருச்சி வானொலி நிலையம் கதை, நாடகம் எழுத வாய்ப்பளித்தது. பாட்டுக்கு அவர் திறந்த முதல் வாசல் ஒரு தபால் கார்டு. முருகன் மேல் ஒரு பாட்டை அதில் எழுதி டி.எம். சௌந்தரராஜனுக்கு அனுப்பினார், அவர் மெட்டமைத்துப் பாடினார், ஸ்ரீரங்கத்து வைஷ்ணவப் பிள்ளையின் சொற்கள் முருகன் கோயில்களிலெல்லாம் ஒலித்தன. சென்னைக்குப் போய், 1958இல் 'அழகர்மலைக் கள்வ'னில் முதல் திரைப்பாட்டும் எழுதியாயிற்று. ஆனால் வாழ்வு விடியவில்லை. பட்டினிக்கும் அவமானத்துக்கும் தாளாமல் ஊர் திரும்பிவிடத் தீர்மானித்திருந்த நாளில், கண்ணதாசன் எழுதிப் பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடிய 'சுமைதாங்கி' படப்பாட்டைக் கேட்டு மனம் மாறித் தங்கிவிட்டதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். தொழிலில் தமக்குப் போட்டியாக வரப்போகிற ஒருவனைத் தம் பாட்டாலேயே தடுத்து நிறுத்திய கண்ணதாசனுக்கு, எந்தச் சபையும் இதற்கென்று ஒரு பதக்கம் அளித்ததாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு 'கற்பகம்', அதற்கடுத்த ஆண்டு எம்.ஜி.ஆரின் 'படகோட்டி', பிறகு அவர் திரும்பிப் பார்க்க நேரவில்லை.

விருதுகளின் கணக்கைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தமிழக அரசின் சிறந்த பாடலாசிரியர் விருது ஐந்து முறை; முதலாவது 1970இல் 'எங்கள் தங்கம்' படத்துக்கு, கடைசியானது 2008இல் 'தசாவதார'த்துக்கு. 2007இல், தமது 75ஆம் வயதில், பத்மஸ்ரீ. எங்கள் திருச்சியின் கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜனுக்கு அதே விருது 2022இல், 90 வயதில்தான் வந்தது என்பதை நினைத்தால் வாலி அதிர்ஷ்டசாலி. பத்மப் பட்டங்களைப் பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளலாகாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் ஜனங்கள் வழங்கிய 'வாலிபக் கவிஞர்' என்ற பட்டம், எந்தத் தீர்ப்புக்கும் கட்டுப்படாமல், 2013 ஜூலை 18ஆம் தேதி அவர் கண்மூடும்வரை, அதன் பின்னரும், அவர் பெயரை விட்டு அகலவில்லை.

பெயர் என்றதும் ஒரு சம்பவம். 'உலகம் சுற்றும் வாலிபன்' தயாராகும் சமயத்தில், உம் பெயரைப் படத்தில் போடப்போவதில்லை என்று எம்.ஜி.ஆர். சீண்டினாராம். என் பெயரை எடுத்துவிட்டால் உங்கள் படம் 'உலகம் சுற்றும் பன்' ஆகிவிடுமே என்றாராம் வாலி. சிரித்து மறந்துவிடும் வேடிக்கையாகவே இதை எல்லோரும் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பாட்டு எழுதுகிறவனின் நிரந்தரமான அச்சம் எதுவென்று அந்தப் பரிகாசத்தில் இருவருக்குமே தெரிந்திருந்தது.

அந்த அச்சம் இன்று மெய்யாகிவிட்டது. இலங்கை வானொலி ஒலித்த காலத்தில், படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர் இவற்றோடு இயற்றியவர் பெயரும் தவறாமல் அறிவிக்கப்படும். எழுத்தறியாத பாட்டிமார்களுக்கும் மருதகாசி யார், கண்ணதாசன் யார், வாலி யார் என்று தெரிந்திருந்தது அதனால்தான். சென்ற மாதம் அம்மா மண்டபம் சாலையில் ஒரு தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தேன்; தனியார் பண்பலை ஒன்றில் வாலியின் பாட்டு வந்தது. நடிகர் பெயரைச் சொன்னார்கள், இசையமைப்பாளர் பெயரைச் சொன்னார்கள், நகைக்கடை ஒன்றின் பெயரை இரண்டு முறை சொன்னார்கள். எழுதியவரின் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவர் ஓடித் திரிந்த வீதிகளோ அந்தக் கடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. கைப்பேசியில் பாட்டுக் கேட்கிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதிதான்.

2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாடலாசிரியருக்கு ராயல்டியில் பங்கை உறுதி செய்தார்கள், நல்லது. அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு, தன் படைப்பு தன்னுடையதே என்று உரிமை கோரும் அதிகாரத்தைப் படைத்தவனுக்கு என்றென்றைக்கும் அளிக்கிறது. ஆயினும் ஒரு பெயரை உச்சரிப்பதற்குச் சட்டத்தை நாடும்படியான நிலை, மார்கழியில் ஆழ்வார்களின் பாசுரங்களைத் தாளத்தோடு அரையர்கள் சேவிக்கையில் ஒவ்வொரு திருமொழியும் எந்த ஆழ்வாருடையது என்று அறிந்தே கேட்கும் ஊருக்கு அழகன்று.

சிலையும் மண்டபமும் வைப்பது சர்க்காரின் காரியம். அவர்கள் சாவகாசமாகச் செய்யட்டும். வானொலிக்காரர்களிடம் நான் கேட்பது செலவில்லாத ஒன்றை. 1939இல் தொடங்கி, ஒரு காலத்தில் அந்த இளைஞனுக்கு எழுத இடம் கொடுத்த திருச்சி நிலையம் முன்மாதிரி காட்ட, தனியார் நிலையங்கள் பின்தொடரட்டும்: ஒவ்வொரு பாட்டின் முடிவிலும், இயற்றியவர் இன்னார் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்.