துருப்பிடித்த ஷெல்லும் டங்ஸ்டன் சுவரும்

அரியலூர் வட்டாரத்தில் சிமென்ட் கிளின் ஓட்டும் எவருக்கும் ஷெல் ஸ்கேனர் திரை புதிதல்ல. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூர் கல்மரம் சாட்சி சொல்கிற அந்தப் பழைய கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல், கிளினுக்குள் 1450 டிகிரியில் கிளிங்கராகிறது. நடுவே சுமார் 20 செ.மீ. செங்கல்லும் அதன்மேல் படிந்த கோட்டிங்கும். வெளியே, இரும்பு ஷெல்லில், 300 டிகிரி என்கிறது திரை.

அந்த 300 யாரும் தொட்டு அளந்ததல்ல. ஷெல் உமிழும் அகச்சிவப்புக் கதிரை ஸ்கேனர் வாங்கி, எப்போதோ யாரோ பதித்துவைத்த உமிழ்திறனால் வகுத்துச் சொல்லும் கணக்கு அது. துருவேறிய இரும்புக்கு 0.85 சரிதான். ஷெல்லில் ஒரு துண்டை மாற்றி அலுமினியம் பெயின்ட் அடித்தால் உமிழ்திறன் பாதியாகிவிடலாம். 4 மைக்ரானில் பார்க்கும் ஸ்கேனரில் 0.85 அப்படியே இருக்க, உண்மையில் 350 டிகிரியில் உள்ள அந்தப் பட்டை சுமார் 283 என்று காட்டும். செங்கல் நன்றாக இருக்கிறது என்று ஷிப்ட் நிம்மதியாகும்! 10 மைக்ரான் கருவியென்றால் பிழை இன்னும் பெரிது. 300 டிகிரியில் உமிழ்திறன் 10 சதவீதம் தவறினாலே 20 டிகிரி போய்விடும். 4 மைக்ரானில் அது 9 டிகிரிதான்.

இதே தலைவலி அணுக்கரு இணைவு உலைக்காரர்களுக்குப் பல மடங்கு. பிரான்சின் கடராஷில் உள்ள வெஸ்ட் உலையின் சுவர் டங்ஸ்டன். அருகிலேயே எழும் ஐடர் உலையும் உட்சுவரை பெரிலியத்திலிருந்து டங்ஸ்டனுக்கு மாற்றுவதாக 2023இல் அறிவித்தது. பளபளப்பான டங்ஸ்டன் உமிழ்வது குறைவு, எதிரொளிப்பதே மிகுதி. கேமராவில் தெரியும் சூடான புள்ளி அங்கேயே எரிகிறதா, எதிர்ச்சுவரில் எரிவதன் பிம்பமா என்று படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. அதனால் உலை முழுவதையும் கணினியில் கட்டி, கதிர் எங்கெங்கே பட்டுத் திரும்பும் என்று பின்தொடர்ந்த பிறகே வெப்பநிலையைப் பேசுகிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். துரு நம் பக்கம் இருக்கிறது.

ஆனால் அவர்களிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஷிப்ட் ரிப்போர்ட்டில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் மூன்று கட்டங்கள் சேருங்கள்: பதித்துள்ள உமிழ்திறன், லென்ஸ் கடைசியாகத் துடைத்த நாள், தொட்டு அளக்கும் தெர்மோகப்பிளோடு ஒப்பிட்ட நாள். புது ஸ்கேனருக்கு விலை கேட்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பெயின்ட் பட்டையையும் துருப்பட்டையையும் தனித்தனியே ஒப்பிடுங்கள். மழை நாளில் ஷெல் திடீரென்று குளிர்ந்ததாகக் காட்டினால், அது மழை என்றும் எழுதிவையுங்கள்.

கிளினைத் தாங்கும் டயருக்கு அடியில் உள்ள ஷெல்லை மட்டும் எந்த ஸ்கேனரும் பார்க்காது. அங்கே கைக்கருவியை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் ஏறி, இரு பக்க இடுக்கிலும் அளந்துதான் ஆகவேண்டும்.