பலகையில் ஒரு கானான்

“விவிலியத்தை வைத்துப் பகடை உருட்டலாமா, சாமி? ஆண்டவருடைய அங்கிக்குச் சீட்டுப் போட்டவர்கள் சேவகர்கள் அல்லவா?” என்று ஒரு தாய் நம்மிடம் கேட்டார். வெளிநாட்டு உறவினர் ஒருவர் அவருடைய பிள்ளைகளுக்குக் ‘கானானின் குடியேறிகள்’ என்னும் பலகை விளையாட்டை அனுப்பியிருந்தார். விடை கூறுமுன் விளையாட்டை அறிவது முறையன்றோ? ஆகவே ஒரு ஞாயிறு மாலை நாமும் பிள்ளைகளுடன் அமர்ந்தோம்.

செருமானியரான கிளாவுஸ் டாய்பர் உருவாக்கி 1995-இல் வெளியான ‘கத்தான்’ என்னும் விளையாட்டே இதன் மூலம். அதன் முறைக்கு விவிலியப் பின்னணி அமைத்து 2002-இல் அமெரிக்காவில் இது வெளியிடப்பட்டது. பலகையில் கானான் நாடு அறுகோணக் கட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு விளைபொருள், ஓர் எண். கட்டங்கள் கூடும் முனைகளில் ஆடுவோர் குடியிருப்புகளை நிறுவுவர். இரு பகடைகளை உருட்டியதும், விழுந்த தொகையைத் தாங்கிய கட்டத்தை அடுத்துக் குடியிருப்போர் அனைவரும், உருட்டியவர் யாராயினும், அந்த விளைபொருளுக்குரிய சீட்டைப் பெறுவர். சீட்டுகளைச் செலவிட்டுச் சாலையும் குடியிருப்பும் நகரும் எழுப்பலாம். யெருசலேமின் மதிலுக்குக் கல்லும் வழங்கலாம். குறித்த புள்ளிகளை முதலில் எட்டுபவரே வென்றவர்.

எல்லாம் பகடையின் செயலன்று. இரு பகடைகள் விழும் வகைகள் 36. அவற்றுள் 6-உம் 8-உம் ஐந்தைந்து வகைகளில் வரும். 2-உம் 12-உம் ஒரே வகையில்தான் வரும். ஆகவே இடத்தைத் தேர்வதில் அறிவுக்கு வேலையுண்டு. ஆயினும் எவ்வளவு நல்ல இடமாயினும், வேண்டிய பொருள் யாவும் ஒருவரிடமே விளைவதில்லை. அயலாரிடம் கேட்டுப் பண்டமாற்றுச் செய்தே தீரவேண்டும்.

அங்கேதான் நாம் சறுக்கினோம். கடைக்குட்டிப் பெண் நம்மிடம் ஒரு தானியச் சீட்டுக் கேட்டாள். ஈடாக நமக்கு வேண்டியிருந்த கல்லைத் தருவதாகவும் சொன்னாள். நம் கையில் தானியம் மூன்று இருந்தது. ஆனால் கொடுத்தால் அவள் நம்மை முந்திவிடுவாள். “இல்லையே, அம்மா” என்றோம். அன்று காலைதான் ஐந்து அப்பங்களைக் கொடுத்த சிறுவனைப் பற்றிப் பிரசங்கம் செய்திருந்தோம்!

சற்று நேரத்தில் 7 விழுந்தது. ஏழு சீட்டுகளுக்கு மேல் வைத்திருப்பவர் அப்போது பாதியை இழக்கவேண்டும் என்பது விதி. நம்மிடம் எட்டு இருந்தன. நான்கைக் கீழே வைத்தோம். அவற்றுள் தானியமும் இருந்தது. “சாமி, இருந்ததே!” என்றாள் சிறுமி. வீடு முழுதும் சிரித்தது. நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அம்மையாருக்கு நம் விடை இதுவே: பணயம் வைக்காமல் பகடை உருட்டுவது பாவமன்று. யோசுவா சீலோவில் ஏழு குலங்களுக்குச் சீட்டுப் போட்டே நிலத்தைப் பங்கிட்டார். மத்தியாசை அப்போஸ்தலரோடு சேர்த்ததும் சீட்டே. ஆனால் யோசுவா போட்ட சீட்டு ஒருவர் வென்று மற்றவர் தோற்பதற்கன்று. ஒவ்வொரு குலமும் தன் பங்கைப் பெறுவதற்கே. நிலமில்லாத லேவி குலத்தாருக்கு மற்றக் குலங்கள் 48 நகரங்களை விட்டுக்கொடுத்தன. பலகைக்கும் வேதத்திற்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்தபின் யோசுவா நூலைத் திறந்து, பலகையில் கண்ட ஊர்களை அதில் தேடச் செய்யுங்கள். பெற்றோரும் உடன் அமர்ந்து ஆடுங்கள். நம் கை எதை இறுகப் பிடித்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளே நமக்குக் காட்டிவிடுவார்கள்.

அச்சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டோம். “பரவாயில்லை, சாமி, அடுத்த ஞாயிறும் வாங்க” என்றாள். செல்லவிருக்கிறோம்.