"அவர் கை ஓங்குறதே இல்லை டீச்சர்"

கொஞ்சம் நீளமான பதிவு. ஆண் பிள்ளைகளும் கடைசி வரை படியுங்கள்.

"வீட்டுக்காரர் எப்படிம்மா?" என்று என்னிடம் படித்த பெண்களைக் கேட்டால், பலரும் சொல்வது: "நல்லவர் டீச்சர், கை ஓங்குறதே இல்லை." அடிக்காமல் இருந்தாலே ஒருவர் நல்லவர் ஆகிவிடுவாரா? நம் பக்கம் கொடுமையை அளக்க ஒரே அளவுகோல், அடி. ரத்தம் வந்தால் பஞ்சாயத்து. வராவிட்டால் "குடும்பம்னா அப்படித்தான்".

சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், கொடுமையை நான்காகப் பிரிக்கிறது: உடல், பாலியல், சொல்லும் மனமும், பணம்.

முதல் இரண்டையும் விளக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவரிடம் இவற்றை அனுபவித்ததாகச் சொன்னார்கள். மற்ற இரண்டும் இந்தக் கணக்கில் இல்லை.

மூன்றாவது, சொல். பிள்ளை இல்லை, ஆண் பிள்ளை இல்லை என்று குத்திக் காட்டுவதையே சட்டம் கொடுமை என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் நம் தேனிக்கும் வந்தது. ஏன் வந்தது என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அந்த வாய்ச்சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நான்காவது, பணம். இருட்டோடு ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சம்பாதித்து வருகிறாள். கூலி யார் கையில்? மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வருகிற ஏடிஎம் கார்டு யார் சட்டைப் பையில்? நகையைக் கேட்காமல் அடகு வைப்பதும், அவள் பெயரில் குழுக் கடன் வாங்கிச் செலவழித்துவிட்டுத் தவணையை அவள் தலையில் கட்டுவதும் இதில்தான் சேரும்.

இவற்றைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். முதலில் போனைப் பிடுங்குவார்கள். அடுத்து அம்மா வீட்டுப் பேச்சு நிற்கும். பிறகு கையில் காசு இருக்காது. கடைசியில் அடி விழும்போது, தப்பி வர பஸ்ஸுக்குக்கூடக் காசில்லாமல் நிற்பாள். கடைசியில் விழும் அந்த அடியை மட்டும்தான் நாம் பார்க்கிறோம்.

"சட்டம், போலீஸ் என்று போனால் குடும்பம் பிரிந்துவிடும்" என்பார்கள். இந்தச் சட்டம் எடுத்தவுடன் யாரையும் சிறைக்கு அனுப்புவதில்லை. கொடுமையை நிறுத்தச் சொல்லியும், அவள் அதே வீட்டில் குடியிருக்கவும், செலவுக்குப் பணம் தரவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் தண்டனை. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையை மருமகள் கேட்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பெரியவர்களுக்கும் இதே நிலைதான். தோட்டத்தை எழுதி வாங்கிவிட்டு அப்பத்தாவுக்குச் சோற்றை மட்டும் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பதும் கொடுமைதான். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்ய 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி உண்டு. ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். நமக்கு உத்தமபாளையம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.

பெற்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மகள் பையோடு வந்து வாசலில் நின்றால் "அடிச்சானா?" என்று கேட்காதீர்கள். "என்னம்மா நடக்குது?" என்று கேளுங்கள். முழுதாகக் கேட்டு முடிக்கும்வரை "அனுசரிச்சுப் போ" என்ற வார்த்தை வாயில் வர வேண்டாம். மகன்களே, மனைவியின் ஏடிஎம் கார்டு உங்கள் பையில் இருந்தால் இன்றைக்கே அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியவர்களுக்கு 14567. எண்களைப் போனில் பதிந்து வையுங்கள். போன் இல்லாதவர்களுக்கு எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
குச்சனூர்