சூடு தெரியாத பாதங்கள்: நீரிழிவு நரம்பை எப்படிப் பாதிக்கிறது?

நண்பகல் நேரம். சிராங்கூன் சாலையில் உள்ள கோயில் ஒன்றின் வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் கால் வைக்கிறீர்கள். "ஐயோ, சுடுது!" என்று நிழலுக்கு ஓடுகிறீர்கள். தாத்தாவோ நிதானமாக நடந்து வருகிறார்.

பக்தி, பழக்கம் என்று நினைத்திருப்பீர்கள். இருக்கலாம். ஆனால் அவருக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு இருந்தால், தரை சுடுகிறது என்ற தகவல் மூளைக்கே போகாமல் இருந்திருக்கலாம்.

நரம்புக் கோளாறு என்றதும் பக்கவாதம், பார்க்கின்சன், வலிப்பு, முதுமை மறதி எல்லாம் நினைவுக்கு வரும். வீட்டுப் பேச்சில் கை நடுங்கினாலும் 'நரம்புத் தளர்ச்சி', சோர்வாக இருந்தாலும் 'நரம்புத் தளர்ச்சி'. பாதத்தில் உணர்வு குறைவதைப் பற்றி மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை.

பேச வேண்டிய காரணம் இருக்கிறது. 2017 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியென் லூங் சொன்ன கணக்கு: சிங்கப்பூரர்களில் ஒன்பதில் ஒருவருக்கு நீரிழிவு. 60 வயதைத் தாண்டியோரில் பத்தில் மூவருக்கு. அதே வயது இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு.

நீரிழிவு உள்ளோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு என்றாவது ஒருநாள் நரம்புப் பாதிப்பு வருகிறது.

ஏன் முதலில் பாதம்?

உடலிலேயே ஆக நீளமான நரம்பிழைகள் காலுக்குச் செல்பவை. கீழ்முதுகிலிருந்து கால் விரல் நுனிவரை, ஒரே ஓர் உயிரணுவின் இழை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம்! அந்த உயிரணுவின் மையப்பகுதி முதுகெலும்புக்கு அருகில் இருக்கிறது. விரல் நுனிக்குத் தேவையான புரதங்கள் அங்கிருந்துதான் வரவேண்டும்.

ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் அதிகமாக இருந்தால் இழைகள் சேதமடைகின்றன. அவற்றுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்களும் கெடுகின்றன. நீளமான இழை நுனியில்தான் முதலில் பழுதாகிறது. அதனால் இரண்டு பாதங்களிலும் தொடங்கி, காலுறை போட்டதுபோல் மேலே ஏறுகிறது.

ஆரம்பத்தில் "எரியுது", "ஊசி குத்துற மாதிரி இருக்கு", "எறும்பு ஊறுது" என்பார்கள். இரவில் அதிகமாகத் தெரியும். பிறகு அந்தத் தொல்லை குறைந்தால், சரியாகிவிட்டது என்று வீட்டில் எல்லாரும் நிம்மதி அடைவார்கள். சில நேரம் நடந்தது வேறு: புகார் செய்யும் நரம்பே செயலிழந்துவிட்டது.

அதன் பிறகு காலணிக்குள் கிடக்கும் கல் உறுத்தாது. கொப்புளம் வலிக்காது. புண் ஆழமாகி, கிருமி தொற்றி, ரத்த ஓட்டமும் குறைவாக இருந்தால் காலையே எடுக்க வேண்டிவரலாம். சிங்கப்பூரில் நீரிழிவு காரணமாக நாளொன்றுக்குச் சுமார் நான்கு கால் அகற்றும் சிகிச்சைகள் நடப்பதாகச் செய்திகளில் படித்திருப்பீர்கள்.

இன்னொன்று. நீரிழிவுக்குப் பலரும் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரை, நாளடைவில் வைட்டமின் பி12 அளவைக் குறைக்கக்கூடும். பி12 குறைந்தாலும் இதேபோல் கால் மரத்துப்போகும். பாட்டி சுத்த சைவம் என்றால் கூடுதல் கவனம் தேவை. மாத்திரையை நிறுத்த வேண்டாம். ரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

"கால் வலிக்குதா தாத்தா?" என்று கேட்காதீர்கள். "இல்லப்பா" என்பார். உண்மையும் அதுதான். உட்காரவைத்துப் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு, வெடிப்பு, கொப்புளம், காலுறையில் கறை எதுவும் இருக்கிறதா?

ஆண்டுக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை அவசியம். பலதுறை மருந்தகத்தில் மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்பார்கள். சில நிமிட வேலை, வலிக்காது.

மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் மட்டும் வேண்டாம். தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

கெட்டுப்போன நரம்பைப் பழையபடி ஆக்குவது கடினம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் பாதிப்பு மோசமாவதைத் தாமதப்படுத்தலாம்.

தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் வெறுங்கால் நடை. பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம் என்பதே மருத்துவ ஆலோசனை. "முருகன் பார்த்துப்பான்" என்று தாத்தா சொல்வார். அவரோடு வாதாடி ஜெயிப்பது கஷ்டம். அதனால் தை பிறக்கும் முன்பே பரிசோதனைக்கு நாள் வாங்கிவிடுங்கள். நடக்கலாமா வேண்டாமா என்பதை மருத்துவரே அவரிடம் சொல்லட்டும்.