ஒரே ஒருவருக்காக எழுதிய விதி

போன ஞாயிற்றுக்கிழமை லியோனிலிருந்து பேரன் போனில் பேசினான். பதிமூன்று வயதுதான், ஆனால் வயதுக்கு மீறிய உயரம். அங்கே பள்ளிக் கூடைப்பந்துக் குழுவில் அவன் 'பிவோ'. ஆங்கிலத்தில் சென்டர் என்பார்கள். வளையத்துக்குக் கீழே நிற்கும் நெட்டையன் இடம். புதுச்சேரியில் நாங்கள் படித்த பிரெஞ்சுப் பள்ளியிலும் பிவோ என்றுதான் சொல்வோம். எனக்கு அந்த இடம் கிடைத்ததில்லை. உயரமும் இல்லை, உண்மையைச் சொன்னால் ஆட்டமும் இல்லை.

பேச்சோடு பேச்சாக அவன் சொன்னான்: "தாத்தா, கரீம் அப்துல் ஜப்பார் காலேஜ்ல ஆடும்போது டங்க் அடிக்கக் கூடாதுன்னு ரூல் போட்டுட்டாங்களாம். அதனாலதான் அவர் ஸ்கை ஹூக் கத்துக்கிட்டாராம். அந்தத் தடை அவருக்கு நல்லதாத்தான் போச்சுன்னு எங்க கோச் சொன்னார்."

"அப்படியா" என்று கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டேன். ஆனால் அந்த "நல்லதாத்தான் போச்சு" இரண்டு நாளாக மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. முப்பத்தெட்டு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். இந்தப் பேச்சை எங்கேயோ கேட்டிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். கல்லூரி நாட்களில் அவர் பெயர் லூ அல்சிண்டர். 1947-இல் நியூயார்க்கில் பிறந்தவர். உயரம் ஏழடி இரண்டங்குலம். பவர் மெமோரியல் என்ற கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கும்போதே அவர் குழு தொடர்ந்து 71 ஆட்டங்களில் ஜெயித்தது. 1965-இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு, யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் முதலாண்டு மாணவன் பல்கலைக்கழகத்தின் பிரதானக் குழுவில் ஆட முடியாது. முதலாண்டுப் பையன்களுக்குத் தனிக் குழு. அந்த ஆண்டு நவம்பரில் புது மைதானத் திறப்பையொட்டி இரண்டு குழுவையும் மோதவிட்டார்கள். பெரிய குழு சாதாரணமானதல்ல. முந்தைய இரண்டு ஆண்டும் தேசிய சாம்பியன். அவர்களை முதலாண்டுப் பையன்கள் 75–60 என்று தோற்கடித்தார்கள். அல்சிண்டர் மட்டும் 31 புள்ளி, 21 ரீபவுண்ட். அந்த வருஷம் நாட்டிலேயே முதல் இடத்துக்கு எதிர்பார்க்கப்பட்ட குழு, சொந்த வளாகத்திலேயே இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

1966 டிசம்பரில் பிரதானக் குழுவில் முதல் ஆட்டம். 56 புள்ளி. அந்தப் பருவம் முழுக்க 30 ஆட்டம், 30 வெற்றி. ஆட்டத்துக்குச் சராசரி 29 புள்ளி. எறிந்த பந்தில் நூற்றுக்கு 66.7 வளையத்துக்குள். 1967 மார்ச்சில் தேசியக் கோப்பை.

கோப்பையை வாங்கிய சூடு ஆறுவதற்குள் விதிக்குழு கூடி, இனிமேல் கல்லூரி ஆட்டத்தில் டங்க் கூடாது என்று தீர்மானம் போட்டது. டங்க் என்றால், எம்பிக் குதித்துக் கையை வளையத்துக்கு மேலே கொண்டுபோய்ப் பந்தை உள்ளே திணிப்பது. ஆட்டத்தில் மட்டுமல்ல, ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கும்போதும் கூடாது. சொன்ன காரணங்கள்: ஆட்டக்காரர்களுக்குக் காயம், வளையமும் பலகையும் பழுதாவது, இதைத் தடுக்க எதிரணிக்கு வழியே இல்லாதது. எதிலும் எவர் பெயரும் இல்லை. ஆனால் நாடு முழுக்க அதை அல்சிண்டர் விதி என்றுதான் கூப்பிட்டார்கள்.

தீர்மானத்துக்கு உள்ளே நிறமும் இருந்தது என்று அல்சிண்டர் அப்போதே நினைத்தார், வாய்விட்டும் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு, 1966-இல், ஐந்து கறுப்பு ஆட்டக்காரர்களை முதலில் இறக்கிய டெக்சாஸ் வெஸ்டர்ன் குழு, வெள்ளையர் மட்டுமே இருந்த கென்டக்கியை இறுதியாட்டத்தில் வென்றிருந்தது. விதிக்குழுவின் மனதுக்குள் என்ன இருந்தது என்று நான் எழுத முடியாது. கோப்பில் இருப்பதைத்தான் குமாஸ்தா எழுத முடியும். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது கோப்பில் ஏறாது.

உயரமானவர்களுக்காக விதியை மாற்றுவது இது முதல் தடவை இல்லை, எல்லாமே தப்பும் இல்லை. 1940-களில் பாப் கர்லாண்ட், ஜார்ஜ் மைக்கன் என்று இரண்டு நெடியவர்கள் கல்லூரி ஆட்டத்துக்கு வந்தார்கள். வளையத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் பந்தை அவர்கள் மேலேயே தட்டிவிட்டார்கள். அதைத் தடுத்து விதி வந்தது. நியாயமான விதி. இறங்குகிற பந்தை எல்லாம் ஒருவன் தட்டிக்கொண்டே இருந்தால் பிறகு ஆட்டம் எதற்கு? எண்பது வருஷமாகியும் அந்த விதி உலகம் முழுக்க ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது, யாரும் முணுமுணுக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு பில் ரஸ்ஸல் 1955, 1956 இரண்டு கோப்பையும் வாங்கித் தந்தபோது, வளையத்துக்குக் கீழே மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாத கட்டத்தை ஆறடியிலிருந்து பன்னிரண்டடியாக அகலமாக்கினார்கள். அதுவும் நிலைத்தது. டங்க் தடையோ ஒன்பது பருவம் கழித்து, 1976-77-இல், விலக்கிக்கொள்ளப்பட்டது. இன்று அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிற ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இப்போது "நல்லதாத்தான் போச்சு" விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கை ஹூக் என்பது அல்சிண்டரின் பிரம்மாஸ்திரம். எதிராளிக்குத் தோள்பட்டையைக் காட்டிப் பக்கவாட்டில் நின்று, ஒரு கையை வேலி மாதிரி வைத்துக்கொண்டு, மறு கையை முழுக்க மேலே நீட்டி, உச்சியிலிருந்து மணிக்கட்டை மடக்கிப் பந்தை அனுப்புவது. ஏழடி இரண்டங்குல ஆளின் கை உச்சியை யார் எட்டுவது? சரி, இதை அவர் தடைக்குப் பிறகா கற்றுக்கொண்டார்? இல்லை. பத்து வயதுப் பையனாக இருந்தபோதே, வளையத்துக்குக் கீழே இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று கொக்கிபோல் எறிந்து பழகும் மைக்கன் பயிற்சியை ஒருவர் சொல்லிக்கொடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதாவது விதிக்குழு கூடுவதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே விதை விழுந்துவிட்டது. தடை வந்த பிறகு அதை இன்னும் கூர்தீட்டினார். அவருடைய கோச் ஜான் வுடன், இந்தத் தடை உன்னை இன்னும் நல்ல ஆட்டக்காரனாக்கும் என்று தேற்றினாராம். பெரிய மனிதர், பிள்ளைக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் கோச் சொன்ன ஆறுதலை விதிக்குழு தன் சாதனையாக எழுதிக்கொள்ள முடியாது.

கணக்கைப் பாருங்கள். தடைக்கு முன் சராசரி 29. தடைக்குப் பின் 26.2, அடுத்த ஆண்டு 24. உள்ளே போன பந்து நூற்றுக்கு 66.7-லிருந்து 61.3, பிறகு 63.5. இறங்கித்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் தடையின் மேலேயே போட மாட்டேன். கூட ஆடியவர்களும் கெட்டிக்காரர்கள், எதிராளிகள் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரம் கடத்தவும் செய்தார்கள். ஆனால் தடை அவரை உயர்த்தியது என்பதற்கு இந்தக் கணக்கில் சாட்சி இல்லை. உயர்ந்து நின்றது அவர் மட்டும்தான்.

அந்த இரண்டு தோல்விகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று பருவத்தில் 90 ஆட்டம், 88 வெற்றி. முதல் தோல்வி 1968 ஜனவரி 20, ஹூஸ்டன் நகரத்து ஆஸ்ட்ரோடோம் அரங்கில். கூட்டம் 52,693 பேர். கல்லூரிக் கூடைப்பந்துக்கு அதுவரை அப்படி ஒரு கூட்டம் கிடையாது. முந்தைய வாரம்தான் அல்சிண்டருக்குக் கண்ணில் நகக்கீறல் பட்டிருந்தது. 18 எறிந்து 4 மட்டுமே விழுந்தது. எதிரணியின் எல்வின் ஹேய்ஸ் 39 புள்ளி எடுத்தார். 71–69. தொடர்ந்து 47 ஆட்டம் ஜெயித்து வந்த குழு தோற்றது. இரண்டு மாதம் கழித்து அரையிறுதியில் அதே ஹூஸ்டன் எதிரே வந்தது. இந்தத் தடவை 101–69, ஹேய்ஸுக்கு 10 புள்ளி. இந்த இடத்தைப் படிக்கும்போது இந்த வயதிலும் எனக்குக் கொஞ்சம் குதூகலமாகத்தான் இருக்கிறது. இரண்டாவது தோல்வி 1969-இல், நேரம் கடத்தி ஆடிய அதே ஊர்க் குழுவிடம், 46–44. அந்த ஆண்டு இறுதியாட்டத்தில் பர்டியூவுக்கு எதிராக 37 புள்ளி, 20 ரீபவுண்ட் எடுத்து விடைபெற்றார். மூன்று ஆண்டு, மூன்று கோப்பை. மூன்று தடவையும் இறுதிச் சுற்றின் தலைசிறந்த ஆட்டக்காரர். அப்படி மூன்று முறை பெற்றவர் வேறு யாரும் இல்லை. நடுவில் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஆட மறுத்தார். கறுப்பரை நடத்தும் விதத்துக்கு எதிர்ப்பு. அதற்காக வசவும் வாங்கினார்.

எனக்கு இவர் அறிமுகமானது அந்த வருஷங்களில்தான். பள்ளியில் கைமாறிக் கைமாறி வந்த ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் பெயரைப் பார்த்துவிட்டு 'அல்சேன்தோர்' என்று மூக்கால் உச்சரித்தோம், நம்ம ஆள் பெயர் என்று பெருமைவேறு. பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெயர் மேற்கிந்தியத் தீவில் தன் முன்னோரை அடிமையாக வைத்திருந்த பிரெஞ்சுக்காரனுடையது என்று அவர் சொல்லியிருப்பது. எங்கள் ஊரில் 1881 ஆணைக்குப் பிறகு பிரெஞ்சுச் சட்டத்தை விரும்பி ஏற்றுப் பிரெஞ்சுப் பெயரைத் தாங்களே தேர்ந்துகொண்ட குடும்பங்கள் உண்டு. அங்கே அவர் அதைக் கழற்றிப் போட்டார். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இந்தப் பேச்சை முன்பே கேட்டிருக்கிறேன் என்றேனே, அது எங்கள் அலுவலகத்தில். எந்தத் துறை என்று வேண்டாம். எனக்கு இரண்டு வருஷம் பின்னால் ஒருவன் எல்.டி.சி.யாக வந்து சேர்ந்தான். படு சூட்டிகை. மூத்தவர்கள் மூன்று தடவை எழுதியும் தேறாத துறைத் தேர்வின் முதல் தாளை முதல் தடவையிலேயே முடித்தான். அடுத்த தாளுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் ஓர் ஆபீஸ் ஆர்டர் வந்தது: ஐந்து வருஷ சர்வீஸ் இல்லாதவர் விண்ணப்பிக்கக் கூடாது, அனுபவத்தின் முக்கியத்துவம் கருதி. யார் பெயரும் இல்லை. சர்க்குலரைச் சுற்றுக்கு விட்டபோது எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் மேசையைத்தான் பார்த்தோம். அவனும் போட்டான்.

"நல்லதுக்குத்தான்பா, பக்குவப்பட்டுட்டு எழுது" என்று பெரியவர்கள் தட்டிக்கொடுத்தார்கள். நானும் சொன்னேன். அவனுக்கு ஸ்கை ஹூக் ஒன்றும் கிடைக்கவில்லை. ஐந்து வருஷம் முடிந்தபோது அவன் விண்ணப்பமே போடவில்லை. ஐந்தே முக்காலுக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் பத்துப் பேரில் ஒருவனாகிவிட்டான். ஆகவே தடையால் வளர்ந்தவரை மட்டும் எண்ணிக் கணக்குச் சொல்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. மடங்கிப்போனவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் வருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒருவரைக் குறிவைத்து எழுதிய விதி, அவர் போன பிறகும் போகாது. அல்சிண்டர் 1969-இல் வரலாற்றுப் பட்டத்தோடு வெளியேறினார். தடை ஏழு வருஷம் மேலும் இருந்தது. அது போய் யார் தலையில் விழுந்தது தெரியுமா? வட கரோலினா ஸ்டேட் கல்லூரியின் டேவிட் தாம்சன். ஆறடி நாலங்குலம்தான், அந்த ஆட்டத்தில் அது பெரிய உயரமே இல்லை. ஆனால் குதித்தால் வானத்தில் நிற்பார். 1974-இல் தன் கல்லூரிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். டங்க் அடிக்கத்தான் பிறந்தவர், கல்லூரிக் காலம் முழுக்க அடிக்காமலே ஆடினார். 1975-இல் சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். அன்று மட்டும் பொறுக்க முடியாமல் ஒன்று அடித்தார். நடுவர் விசில் ஊதினார். டெக்னிகல் ஃபவுல்.

எங்கள் ஆர்டரும் அப்படித்தான் தங்கிவிட்டது. பதினேழு பதினெட்டு வருஷம் கழித்து, நான் சூப்பரின்டென்டென்ட் ஆன பிறகு, ஒரு பெண் அதே தேர்வுக்கு விண்ணப்பம் கொடுத்தாள். சர்வீஸ் மூன்று வருஷம். பழைய ஆர்டரின் நம்பரையும் தேதியையும் மேற்கோள் காட்டி, "பரிசீலிக்க இயலாது" என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பியது என் கைதான். ஆர்டர் யாருக்காக வந்தது என்று அந்தக் கட்டிடத்தில் அப்போது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். அதை ரத்து செய்யச் சொல்லி ஒரு குறிப்பு வைத்திருக்கலாம். தோன்றவில்லை என்று சொன்னால் பொய்.

அந்தப் பெண் என் மேசைக்கு வந்து, "இந்த ரூல் எதுக்கு சார்?" என்று கேட்டாள்.

"ரூல் அப்படித்தாம்மா" என்றேன்.

அடுத்த ஞாயிறு பேரன் பேசும்போது தாம்சன் கதையைச் சொல்லப்போகிறேன். அவனுக்குப் பிடிக்கும். இந்தக் கதையைச் சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.